முகப்புக் கண்ணாடி: நாமே மாட்டலாமா, சப்-காண்ட்ராக்ட் விடலாமா?

கேள்வி: கோவையில் சிவில் காண்ட்ராக்டராக இருக்கிறேன். அலுமினிய ஜன்னல், ஆபீஸ் பார்ட்டிஷன் போட என்னிடமே நாலு பேர் டீம் உண்டு. இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் ஐந்து மாடி வணிகக் கட்டடம் கிடைத்திருக்கிறது, முகப்பு முழுக்க ஸ்ட்ரக்சுரல் கிளேசிங் (சிலிகான் பசையால் ஒட்டி நிறுத்தும் கண்ணாடிச் சுவர்). போன வேலையில் சப்-காண்ட்ராக்டர் இழுத்தடித்து என் பெயர் கெட்டது. இந்த முறை நானே செய்தால் லாபமும் கையில் நிற்குமே?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் இந்த முகப்பை நீங்களே செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளே வரும் பார்ட்டிஷன், ஃப்ளோர் ஸ்பிரிங் கதவு, பின்பக்க ஜன்னல் எதையும் வெளியே விடாதீர்கள்; அது உங்கள் ஆட்களுக்குப் பழகிய வேலை.

முகப்பு வேறு. ஜன்னலில் கண்ணாடியைச் சட்டம் பிடித்துக்கொள்கிறது, இங்கே சிலிகான்தான் பிடிக்கிறது. அந்தச் சிலிகான் பட்டை எவ்வளவு அகலம் என்பதைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலே சென்னையில் ஒன்றரை மடங்குக்கு மேல் வந்துவிடும், கோவையில் கைக்குப் பழகிய அளவு அங்கே செல்லாது. அப்புறம், தூசி இல்லாத ஷெட்டில் ஒட்டி, காயவிட்டு, ஒட்டு பிடித்ததா என்று சோதித்து, தேதி வாரியாக எழுதி வைக்க வேண்டும். சிலிகான் கம்பெனி வாரண்டிக்கு அந்தப் பதிவுகளைத்தான் கேட்பார்கள். டஃபன் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது, அளவு தவறினால் புதுக் கண்ணாடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வேலை முடிந்ததும் இதே மாதிரி இன்னொரு முகப்பு கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஷெட், சிலிகான் பம்ப், தொங்கு சாரம் எல்லாவற்றின் செலவும் இந்த ஒரு கட்டடத்தின் தலையில்தான் விழும்.

இன்னொரு ஆசை வரும்: ஃபிரேம் நம் ஆள், கண்ணாடி மட்டும் சப். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் மழையில் ஒழுகினால் ஃபிரேம் கோணல் என்று அவர் சொல்வார், சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) சரியில்லை என்று உங்கள் ஆள் சொல்வார், ஓனர் உங்களைத்தான் பிடிப்பார். ஒரு சுவருக்கு டிராயிங் முதல் சீலன்ட் வரை ஒருவரே பொறுப்பு.

சரி, இழுத்தடிப்பை எப்படித் தடுப்பது? பல நேரம் நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் சப்-காண்ட்ராக்டருடைய வேறொரு சைட்டுக்குப் போய்விடும், அங்கேதான் தாமதம் தொடங்குகிறது. அலுமினியம், கண்ணாடிக்கான பணத்தை நேராக சப்ளையருக்குக் கட்டி, சப்-காண்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அவருடைய ஷெட்டுக்கு நேரில் போய், இப்போது எத்தனை சைட் ஓடுகிறது என்று கேளுங்கள். உங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது: ஸ்லாப் ஓரம் தூக்குக்குண்டுக்கு நிற்காவிட்டால் ஃபிரேமைத் தாங்கும் பிராக்கெட் உட்காராது, அந்தத் தாமதம் உங்களுடையது. அதனால் அவரை உள்ளே விடும் முன் ஒவ்வொரு மாடியிலும் ஓரத்தை அளந்து இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவருடைய ஆட்களுக்குக் கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கி விழுந்தாலும் கடைசியில் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள், மாதாமாதம் சலான் பார்த்த பிறகே பில் பாஸ் செய்யுங்கள். சாரம் பிரிக்கும் முன்பே மாடி மாடியாகக் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட வேண்டும், அதற்கு முன் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.