கான்ட்ராக்ட் துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

உக்ரைன் போர் பத்தி நாம போட்ட கட்டுரைக்கு அப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், இந்த பிரைவேட் ராணுவ கம்பெனிங்க யாரு, அவங்க தப்பு பண்ணா யாரப் போய் கேக்கறதுன்னு. அதனால இந்த தடவ மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அமெரிக்காகிட்ட இல்லாத ராணுவமா சார்? எதுக்கு காசு குடுத்து வெளிய ஆள் எடுக்கறாங்க? (வாசகர், திருப்பூர்)

பனிப்போர் முடிஞ்சதும் 1990கள்ல ராணுவத்த குறைச்சாங்க, அப்புறம் 2001ல ஆப்கானிஸ்தான், 2003ல ஈராக்னு ரெண்டு போர் ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு, கட்டாயமா ஆள் சேர்த்தா உள்ளூர்ல எதிர்ப்பு கெளம்பும், அதனால சமையல், டீசல் லாரி, துணி தொவைக்கறது, மொழிபெயர்ப்புல ஆரம்பிச்சு அதிகாரிக்கு பாடிகார்ட் வரைக்கும் எல்லாத்தையும் கான்ட்ராக்ட்ல விட்டுட்டாங்க. இதுல பெரும்பாலானவங்க துப்பாக்கி தொடாதவங்க, அதையும் சொல்லிடணும்.

செலவு கம்மின்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. அமெரிக்க நாடாளுமன்றமே போட்ட கமிஷன் 2011ல குடுத்த ரிப்போர்ட்ல, ஈராக் ஆப்கானிஸ்தான் கான்ட்ராக்ட்ல வீணாப் போனதும் மோசடில போனதும் மட்டும் 3,100 கோடி டாலர்லேர்ந்து 6,000 கோடி டாலர் வரைக்கும் இருக்கும்னு இருக்கு. எனக்குத் தெரிஞ்சு நிஜமான லாபம் வேற எடத்துல இருக்கு. சிப்பாய் செத்தா கொடி போர்த்தின பெட்டி வரும், டிவில காட்டுவாங்க, ஓட்டு கேக்கப் போற எடத்துல அதப்பத்தி கேப்பாங்க. கான்ட்ராக்ட் ஆள் செத்தா வீட்டுக்கு ஒரு போன் வரும், அவ்வளவுதான். பிரவுன் பல்கலைக்கழகத்துல போர்களோட செலவ கணக்கு எடுக்கற குழு சொல்றபடி 2001க்கு அப்புறம் நடந்த போர்கள்ல செத்த அமெரிக்க சிப்பாய்ங்க சுமார் 7,000, அமெரிக்காவுக்காக வேல பாத்து செத்த கான்ட்ராக்ட் ஆளுங்க சுமார் 8,000. இந்த ரெண்டாவது நம்பர இதுக்கு முன்னாடி எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

கேள்வி: பிளாக்வாட்டர் கேஸ்ல கடைசில என்னதான் ஆச்சு? தண்டனை கிடைச்சுதா இல்லையா? (வாசகர், மதுரை)

கிடைச்சுது, அப்புறம் பறிபோச்சு. நடந்தத முழுசா சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல இருக்கற எல்லா ஓட்டையும் இந்த ஒரு கேஸ்லயே இருக்கு.

2007 செப்டம்பர் 16, பாக்தாத்ல நிசூர் சதுக்கம்னு டிராபிக் ரவுண்டானா. அமெரிக்க வெளியுறவுத்துறைக்கு பாதுகாப்பு வேல பாத்த பிளாக்வாட்டர்ங்கற அமெரிக்க பிரைவேட் கம்பெனி ஆளுங்க நாலு கவச வண்டில வந்து ரோட்ட மறிச்சு நிக்கறாங்க. ஒரு வெள்ள கியா கார், ஓட்டினது மெடிக்கல் காலேஜ் பையன், பக்கத்து சீட்ல அவன் அம்மா, அவங்க ஒரு டாக்டர். அந்த கார்லதான் மொத குண்டு. அப்புறம் மெஷின் கன், கிரனேட் லாஞ்சர் குண்டு எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் திரும்பி ஓடறதுன்னு தெரியாம மாட்டுன கார்கள் மேல விழுது, இன்னொரு கார்ல பின்சீட்ல இருந்த 9 வயசு பையன் தலையில குண்டு பட்டு அப்பா முன்னாடியே போயிட்டான். மொத்தம் 17 பேர் செத்தாங்க. எங்கள மொதல்ல சுட்டாங்கன்னு கம்பெனி சொல்லுச்சு, ஆனா விசாரிச்ச எஃப்பிஐ 17ல 14 சாவுக்கு எந்த நியாயமும் இல்லன்னு சொல்லிடுச்சு.

சரி, ஈராக் போலீஸ் புடிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. ஈராக்க அப்ப நிர்வாகம் பண்ணிட்டிருந்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் 2004 ஜூன்ல கெளம்பறதுக்கு முன்னாடி 17ஆம் நம்பர் உத்தரவுல கையெழுத்து போட்டுட்டு போனாரு, அதன்படி வெளிநாட்டு கான்ட்ராக்டர் மேல ஈராக் கோர்ட்ல கேஸ் போட முடியாது. சரி, ராணுவ கோர்ட்? இவங்க சிப்பாய் இல்ல, கம்பெனி ஆளு. மிச்சம் இருந்தது அமெரிக்காவோட சாதாரண கிரிமினல் கோர்ட்தான், அங்க கேஸ் 2009 கடைசில ஒரு தடவ தள்ளுபடி ஆகி, மேல்முறையீட்டுல திரும்ப உயிர் வந்து, ஈராக்லேர்ந்து சாட்சிங்க வாஷிங்டன் வரைக்கும் வந்து கூண்டுல ஏறி சொல்லி, 2014ல நாலு பேர் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. 2020 டிசம்பர்ல அதிபர் டிரம்ப் நாலு பேருக்கும் மன்னிப்பு குடுத்து வெளிய விட்டுட்டாரு. அந்த சாட்சிங்கள நெனச்சா எனக்கு இப்பவும் ஆறல.

கேள்வி: அப்ப ரஷ்யாவோட வாக்னரும் இதே மாதிரிதானா? (வாசகி, கோவை)

அத விட மோசம். அமெரிக்காவுல பேருக்காவது ஒப்பந்தம்னு ஒரு பேப்பர் இருக்கும். ரஷ்ய சட்டப்படி கூலிப்படையே குற்றம், அதனால வாக்னர்னு ஒரு தனியார் படை இருக்கறதயே அரசு வருஷக்கணக்கா ஒத்துக்கல, 2014ல கிழக்கு உக்ரைன்ல டான்பாஸ், அப்புறம் சிரியா, லிபியா, மத்திய ஆப்பிரிக்க குடியரசு, மாலின்னு போயிட்டே இருந்தாங்க. வாக்னர நான்தான் ஆரம்பிச்சேன்னு ரஷ்ய தொழிலதிபர் பிரிகோஷின் வாயத் தெறந்ததே 2022 செப்டம்பர்ல. அதே வருஷம் ஜெயில் ஜெயிலா ஆளுங்க போயி, ஆறு மாசம் சண்ட போட்டா மன்னிப்புன்னு கைதிங்கள கூட்டிட்டு வந்தாங்க, உக்ரைன்ல பாக்முத்ங்கற ஒரு ஊர புடிக்க தன் ஆளுங்க 20,000 பேர் செத்தாங்கன்னு பிரிகோஷினே சொன்னாரு. 2023 ஜூன்ல அவரு கலகம் பண்ணதும்தான் புடின் வெளிப்படையா சொன்னாரு, முந்தின ஒரு வருஷத்துல 8,600 கோடி ரூபிள் அரசு பணம் வாக்னருக்கு போச்சுன்னு. ஆகஸ்ட்ல பிரிகோஷின் விமான விபத்துல செத்தாரு, ஆப்பிரிக்கா வேலைய பாதுகாப்புத்துறை ஆப்பிரிக்கா கோர்ங்கற பேர்ல எடுத்துக்கிச்சு.

கேள்வி: எங்கட பக்கம் எஸ்.டி.எஃப்.ஐ பழக்கினது ஒரு வெள்ளைக்கார கொம்பனி எண்டு அப்பா சொல்லுவார். அது மெய்யோ? (வாசகர், மட்டக்களப்பு)

மெய்தான், அப்பா சொன்னது சரி. கீனி மீனி சர்வீசஸ், சுருக்கமா கே.எம்.எஸ்., பிரிட்டன் ராணுவத்தோட எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையில இருந்தவங்க நடத்தின கம்பெனி. 1984லேர்ந்து எஸ்.டி.எஃப்.க்கு, அதாவது இலங்கை போலீசோட விசேட அதிரடிப்படைக்கு பயிற்சி குடுத்தாங்க, ஹெலிகாப்டர் ஓட்டவும் ஆள் அனுப்பினாங்க. பிரிட்டன் தன் ராணுவத்த அனுப்பியிருந்தா லண்டன்லயும் டெல்லிலயும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும், இது தனியார் வியாபாரம்னு ஒதுங்கிக்க முடிஞ்சுது. லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீசோட போர்க்குற்ற பிரிவு கே.எம்.எஸ். ஆளுங்க பத்தி விசாரணைய ஆரம்பிச்சது 2020லதான். கிழக்குல அந்த படைகிட்ட அடிபட்ட எத்தன பேரு அந்த விசாரணைய பாக்காமயே போயிட்டாங்க.

கேள்வி: 2013ல நம்ம ஊர் கடல்ல துப்பாக்கியோட புடிச்ச கப்பலும் இந்த வகைதானா? (வாசகர், தூத்துக்குடி)

ஆமா, சீமேன் கார்டு ஒஹையோ. சோமாலியா கொள்ளையருக்கு பயந்து சரக்குக் கப்பல்ங்க தனியார் காவலாளிங்கள ஏத்திக்குவாங்க, ஆனா துறைமுகத்துக்குள்ள துப்பாக்கி கொண்டு போனா அந்தந்த நாட்டு சட்டம் இடிக்கும், அதனால ஆளையும் ஆயுதத்தையும் நடுக்கடல்லயே வெச்சிருக்க இந்த மாதிரி கப்பல். அக்டோபர் 12 அன்னைக்கு நம்ம கடலோர காவல்படை புடிச்சப்போ 35 பேர், 35 துப்பாக்கி, 5,682 தோட்டா. பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், கூட நம்ம இந்தியர்களும் 12 பேர். 2016 ஜனவரில அஞ்சு வருஷ ஜெயில், 2017 நவம்பர்ல மதுரை ஐகோர்ட் கிளை எல்லாரையும் விடுவிச்சுது. ஜெயில், ஜாமீன், திரும்ப ஜெயில்னு நாலு வருஷம் சம்பளத்துக்கு வந்த ஆளுங்க இங்க கெடந்தாங்க, கம்பெனி இருந்தது அமெரிக்காவுல.

கேள்வி: என் தங்கச்சி மகன் ஆர்மில இருந்து வந்தவன். ரஷ்யால ஹெல்பர் வேலை, சண்டைக்கு போக வேண்டாம், மாசம் ரெண்டு லட்சம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. அனுப்பலாமா? (வாசகி, நாகர்கோவில்)

அம்மா, வேண்டாம். தயவு செஞ்சு வேண்டாம். இதே ஹெல்பர் கதைய நம்பி போன நம்ம நாட்டு பசங்கள ரஷ்ய ராணுவத்துல சேர்த்து உக்ரைன் எல்லைக்கு அனுப்புனாங்க, சில பேரு பொணமாத்தான் திரும்பினாங்க. 2024 மார்ச்ல சிபிஐ சென்னை, மதுரை உட்பட பல ஊர்ல ஏஜென்ட் எடத்துல ரெய்டு பண்ணுச்சு, ஜூலைல மோடி மாஸ்கோ போனப்போ அவங்கள விடச் சொல்லி புடின்கிட்டயே பேச வேண்டியதாச்சு. 2004ல ஜோர்டான்ல வேலன்னு சொல்லி கூட்டிட்டு போன 12 நேபாளி பசங்கள ஈராக்ல கடத்தி கொன்னாங்க, இருபது வருஷம் கழிச்சும் ஏஜென்ட் பேசற பேச்சு மாறல.

பையன் கேக்கலன்னா இத செய்யுங்க. ஏஜென்ட்டோட பதிவு நம்பர் கேளுங்க, மத்திய அரசோட இ-மைக்ரேட் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, இல்லன்னா சென்னைல புலம்பெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி ஆபீஸ்ல கேளுங்க. பதிவு பண்ண ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி சர்வீஸ் சார்ஜ் வாங்கக் கூடாது, லட்சக்கணக்குல கேட்டா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க. டூரிஸ்ட் விசால போ, அங்க மாத்திக்கலாம்னா அதுவும் பொய்தான். ரஷ்ய மொழில இருக்கற எந்த பேப்பர்லயும் கையெழுத்து போட வேண்டாம், ஒரிஜினல் பாஸ்போர்ட்ட ஏஜென்ட் கைல குடுக்க வேண்டாம், ஏற்கனவே குடுத்திருந்தா நாளைக்கே போய் வாங்குங்க, தர மாட்டேன்னா போலீஸ்ல எழுதிக் குடுங்க.