வாசகர் கேள்வி – பதில்: விரால் மட்டும் ஏன் பிழைத்தது?

கேள்வி: சென்னை ஆவடியை அடுத்த எங்கள் ஊர் ஏரியில், மழை ஓய்ந்த இரண்டாம் வாரம் விடியற்காலையில் கெண்டையும் ரோகுவும் செத்து மிதந்தன. விராலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறது. யாரோ விஷம் கலந்துவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். ஏரியோரக் கிணற்று நீரைக் காய்ச்சினால் குழந்தைக்குப் பால் கலக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: முதலில் குழந்தை. வேண்டாம் அம்மா, அந்தத் தண்ணீரில் பால் கலக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வந்து நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் இருந்தவள் நான். ஒரு தாய் பால் புட்டியிலேயே கிணற்று நீர் கொண்டுவந்தார். பளிங்கு போல் இருந்தது. கிண்ணத்தில் வற்றவைத்து, அமிலமும் பிறகு அம்மோனியாவும் விட்டதும் திரண்ட மஞ்சள் இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. தெளிவான நீரை நான் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. நீங்களும் சோதித்துப் பாருங்கள். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் வரம்பு. அறிக்கையில் 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுப் போட்டிருந்தால், அதே வரம்பு ஏறக்குறைய 10. இந்த வேறுபாடு தெரியாமல் 20 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் உண்டு.

இனி மீன்கள். விஷமாக இருந்தால் பெரும்பாலும் விராலையும் விட்டிருக்காது. விரால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கும். கெண்டைக்கும் ரோகுவுக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். அது மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். நீங்கள் சொன்ன நேரமும் அதுவே.

வயலில் போட்ட யூரியாவில் பாதியைக்கூட நெல் எடுப்பதில்லை. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. மழை அதை வரத்துக் கால்வாய் வழியே ஏரிக்கு இறக்குகிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடவே வருகிறது. கழிவுநீர் கலந்தால் இன்னும் மோசம். பாசி கொழுக்கிறது. பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி, இரவில் அதை உறிஞ்சுகிறது. செத்த பாசி அழுகும்போது மிச்சமும் தீர்ந்துபோகிறது. ஒருவர் மேல் பழி போடும் முன், கால்வாயோடு நடந்து எந்த மடையிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: யூரியா போடாமல் நெல் விளையுமா? – திருவள்ளூர் விவசாயி

பதில்: போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் ஐயா. 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அது உங்கள் காசு. இலை வண்ண அட்டை ஒன்று வாங்குங்கள்; இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14 நாள் கழித்து, வாரம் ஒருமுறை காலையில், உங்கள் உடல் நிழலில் பத்து இலைகளை ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அட்டையின் 3-ஆம் எண், மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண். நிறம் அதற்குக் கீழே இறங்கினால்தான் மேலுரம். வானம் இருண்டிருக்கும் நாளில் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.