கரும்பலகைக்குப் பின் கைப்பேசி: இணையவழித் தனிப்பயிற்சி குறித்து வாசகர் கேள்வி பதில்

வேலூர், இராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, ஆசிரியர்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பாடம் நடத்திச் சம்பாதிப்பதைப் பற்றியவை. அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன்.

வேலூரை அடுத்த ஒரு மெட்ரிக் பள்ளியில் 24 ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தேன். மாமியாரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டேன். இணையத்தில் பாடம் நடத்துவதற்காக மூன்று தளங்களில் பதிவு செய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஒரு மாணவர்கூடச் சேரவில்லை. இவ்வளவு அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? – வாசகி, சத்துவாச்சாரி

மதிப்பு இருக்கிறது, அம்மா. ஆனால் நீங்கள் இணைத்தனுப்பிய அறிமுகக் குறிப்பில் அது வெளிப்படவில்லை. எம்.எஸ்ஸி., பி.எட்., 24 ஆண்டு அனுபவம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணிதம், மாநிலப் பாடத்திட்டமும் சி.பி.எஸ்.இ.யும் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளித் தாளாளரிடம் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு இது போதும். காலாண்டுத் தேர்வில் 38 மதிப்பெண் வாங்கி வந்த மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் ஆசிரியர் தேடும் தாய்க்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தன் பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்பதை, தான் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிற ஆளைத்தான் அவர் தேடுகிறார்.

ஆகவே ஒரே ஒரு வகுப்பையும் அதில் ஓரிரு பகுதிகளையும் தேர்ந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டக் கணிதத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண், ஆக 16. தேர்ச்சிக்கு வேண்டிய 35இல் இது ஏறக்குறையப் பாதி. இந்த இரண்டையும் இத்தனை வகுப்புகளில் தடுமாற்றமின்றிப் போட வைப்பேன் என்று நீங்கள் எழுதினால், அது உங்கள் பட்டங்களைவிட விரைவாகப் பெற்றோரின் கண்ணில் படும். சேர்ந்த பிள்ளை பிறகு முக்கோணவியலுக்கும் உங்களிடமே இருப்பான்.

வடிவியலைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காம்பஸை எங்கே ஊன்ற வேண்டும், எந்த அளவில் விரிக்க வேண்டும், வில்லை வரையும்போது தாளை எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கையைப் பார்த்துத்தான் வரும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனான நான் தொடங்கியபோது, மேசையின் இரு பக்கமும் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, அவற்றின் மேல் இரண்டு ஸ்கேல்களைப் பாலம்போல் வைத்து, நடுவில் கைப்பேசியைக் கிடத்தி, அதன் பின்பக்கக் கேமரா கீழே இருக்கும் நோட்டைப் பார்க்கும்படி செய்திருந்தேன். முதல் வகுப்பில் எல்லாம் சரியாக இருந்தது, மின்விசிறியைத் தவிர. தாள் படபடவென்று அடித்துக்கொண்டதில், ஒளிக்கதிர் வரைபடத்தைக் காட்டிலும் என் இடது உள்ளங்கையைத்தான் அந்த மாணவி அதிகம் பார்த்தாள். வேலூர் வெயிலில் மின்விசிறியை நிறுத்தவும் முடியாது. அன்றிலிருந்து நோட்டின் நான்கு மூலைகளுக்கும் கிளிப் போடுகிறேன். ஒரே மாணவருடன் பேசுவதற்குக் கூகுள் மீட்டின் இலவசச் சேவையே போதும். ஜூமின் இலவசச் சேவை 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் வீட்டு வைஃபை நின்றுபோகும் என்பதால் கைப்பேசியில் தனியாக டேட்டா இருக்கட்டும்.

இனி முக்கியமான செய்தி. முதல் ஐந்து மாணவர்கள் தளங்களிலிருந்து வருவது அரிது. உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்துதான் வருவார்கள். 24 ஆண்டுகளில் உங்களிடம் படித்தவர்கள் இன்று முப்பதுகளில் இருப்பார்கள். அவர்களுக்கே பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். செவிலியராக மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் போனவர்கள், தோல் நிறுவன வேலையாக வெளியூர்களில் குடியேறிய ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் என நம் பக்கத்து மக்கள் பரவியிருக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போடாதீர்கள். பத்துப் பேருக்குத் தனித்தனியாக, அவரவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். "டீச்சர், நீங்களா?" என்று பதில் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

வளைகுடாவில் நேரமும் ஒத்துவரும். துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரமும், குவைத்தும் கத்தாரும் இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை. அங்கே மாலை ஆறு மணி என்பது நமக்கு ஏழரை அல்லது எட்டரை. ஆனால் அங்குள்ள நம் பிள்ளைகளில் பலர் படிப்பது சி.பி.எஸ்.இ. என்பதால், "கணிதம் எங்கும் கணிதம்தானே" என்று இறங்கிவிடக் கூடாது. நம் பத்தாம் வகுப்பில் இருக்கும் அணிகள் (மேட்ரிக்ஸ்) அவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகின்றன. நாம் இவ்வளவு நேரம் பேசிய செய்முறை வடிவியல் அவர்களுடைய பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கான என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதம் ஒதுக்கி ஒவ்வொரு கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தளங்களை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றின் கணக்கைத் தெரிந்துகொண்டு இருங்கள். பிரெப்ளி போன்ற பன்னாட்டுத் தளம் ஒரு புதிய மாணவரின் முதல் பாடத்துக்கான கட்டணத்தை முழுவதுமாகத் தானே எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு 33 விழுக்காட்டில் தொடங்கி, நீங்கள் நடத்திய மணிகள் கூடக்கூட 18 விழுக்காடு வரை தன் பங்கைக் குறைக்கிறது. வேறு சில தளங்கள் பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் காட்டுவதற்கே ஆசிரியரிடம் பணம் கேட்கின்றன. ஒரே எண் இருபது ஆசிரியர்களிடம் போனால் அந்தப் பெற்றோர் யாருடைய அழைப்பைத்தான் எடுப்பார்?

கட்டணத்தில் நம் ஆசிரியர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு, எனக்கும் இருந்தது. கூச்சத்தை விட்டுக் கணக்குப் போடுங்கள். மாதம் 30,000 ரூபாய் தேவை, வாரம் 20 மணி நேரம் பாடம் நடத்த முடியும் என்றால், மாதத்துக்கு 80 மணி. மணிக்கு 375 ரூபாய் வருகிறது. ஆனால் காய்ச்சல், கல்யாணம், பள்ளிச் சுற்றுலா என்று பிள்ளைகள் வராத நாட்கள் போக 65 மணிதான் கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் 460 ரூபாய் கேட்க வேண்டியிருக்கும். எட்டு வகுப்புகளுக்கான தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்; மாதக் கடைசியில் நினைவூட்டிக்கொண்டிருப்பது உறவையும் கெடுக்கும். பத்தாம் வகுப்பு மாணவர்களை மட்டுமே வைத்திருந்தால் பொதுத்தேர்வு முடிந்ததும் வருமானமும் முடிந்துவிடும் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் சிலரும் இருக்கட்டும்.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். மாலை நேரத்தில் என் மனைவி பெயரில் இணைய வகுப்பு நடத்தலாமா? – வாசகர், குடியாத்தம்

கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 28ஆவது பிரிவு, எந்த ஆசிரியரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. ஆசிரியர் என்று மட்டுமே சொல்லும் அப்பிரிவு அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரிக்கவில்லை. உங்களுக்கு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. மனைவி பெயரில் நடத்தலாம் என்ற யோசனை ஆசிரியர் அறைகளில் பழையதுதான். வகுப்பில் கேட்கப்போவது உங்கள் குரல், அதைப் பதிவு செய்ய எந்தப் பிள்ளைக்கும் ஒரு பொத்தான் போதும். ஓய்வு பெறும் வரை பொறுங்கள். உங்கள் மனைவியே தகுதி பெற்றவராக இருந்து அவரே நடத்தினால் அது வேறு.

தமிழாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கணிதம், அறிவியல் ஆசிரியர்களைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். தமிழுக்கு இணையத்தில் யார் வருவார்கள்? – வாசகர், ஆற்காடு

ஐயா, இந்த நால்வரில் போட்டி மிகக் குறைவாக உள்ள பொருள் உங்களுடையதுதான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே பள்ளித் தேர்வுகளிலும் அது பாடம். அங்கு மாலை ஆறு மணி நமக்குப் பிற்பகல் மூன்றரை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவதை மறந்துவிட்டால் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும்.

ஆனால் நன்னூலிலிருந்து தொடங்கும் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். நியூஜெர்சியில் வளரும் எட்டு வயதுச் சிறுமி "பாட்டி வந்தான்" என்றுதான் சொல்வாள். அவளிடம் திணை, பால் என்று விளக்கினால் அடுத்த வாரம் வர மாட்டாள். பாட்டி, தாத்தா, நாய்க்குட்டி என்று மூன்று படங்களைக் காட்டி, "வந்தாங்க, வந்தாரு, வந்துச்சு" என்று பத்து முறை சொல்ல வைத்தால் இலக்கணம் நாக்கில் ஏறிவிடும். பேச்சுத் தமிழைக் கற்பிக்கும்போது நம் வட ஆர்க்காட்டு "இன்னா"வைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சிரிப்போடு நினைவூட்டுகிறேன். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகப் பிள்ளைகளுக்காக நடத்தும் சான்றிதழ்ப் படிப்பின் அடிப்படை நிலைப் பாடங்களைப் பார்த்தால், எங்கே தொடங்குவது என்பது பிடிபடும்.

ஓய்வூதியத்துடன் இவ்வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சம்பளதாரர்களுக்கான எளிய படிவம் அப்போது பொருந்தாது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு நிறுவனம் மாதம் 45,000 ரூபாய்க்கு இணைய வகுப்புகள் தருவதாகவும், அதற்கு முன் பயிற்சிக் கட்டணமாக 2,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. நம்பலாமா? – வாசகி, அரக்கோணம்

வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் வாங்கக் கூடாது. பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதே கூட்டத்தின் இன்னொரு வழி, வெளிநாட்டுப் பெற்றோர் போல் பேசி, ஒரு மாதக் கட்டணத்தைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டதாகப் போலி ரசீது காட்டி, மீதியைத் திருப்பிக் கேட்பது. வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருப்பதை நீங்களே பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. அழுத்தச் சொன்னால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இந்த இதழை மூடிவைத்துவிட்டு முதலில் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பிறகு உங்கள் வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள்.