நடுவில் விழுந்த துப்பாக்கி

வணக்கம்.

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். மகள் கல்லூரி மூன்றாம் ஆண்டு, மகன் முதலாம் ஆண்டு. வீட்டில் அக்காளும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஞாயிறு மதியம் டிவி முன்னால் உட்கார்ந்து ‘பார்டர்லேண்ட்ஸ் 2’ என்ற வீடியோ கேம் ஆடும்போது மட்டும் ஓயாத பேச்சு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுடுகிறார்கள், எதையோ பொறுக்குகிறார்கள், மறுபடி சுடுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? நீங்களும் ஆடுவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொறுக்குகிறார்கள் என்றீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நான் படித்த காலத்தில் வடபழனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடுவோம். அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் ஐந்து பேர். தோற்றவன் யாரோடும் பேசாமல் பஸ் ஏறிவிடுவான். 2012இல் வந்த இந்த ஆட்டத்தில் அந்தச் சண்டையே கிடையாது. எதிரிகளைக் கம்ப்யூட்டரே இயக்குகிறது. ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி.

எதிரி விழுந்தால் அவனிடமிருந்து துப்பாக்கி கீழே விழும். குழல், பிடி, கட்டை என்று உறுப்பு உறுப்பாகக் கலந்து ஆட்டமே அதை உருவாக்குகிறது. அதனால் அடுத்து கிடைப்பதைப் பெரும்பாலும் யாரும் முன்பு பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளை, பச்சை, நீலம், ஊதா என்று தரம் ஏறும். ஆரஞ்சு வந்தால் வீடே அதிரும். உங்கள் வீட்டிலும் அந்தக் கூச்சலைக் கேட்டிருப்பீர்கள்.

நான் என் தங்கையின் மகனோடு ஆடுகிறேன். போன மாதம் ஒரு பெரிய எதிரி சாய்ந்ததும் எங்கள் நடுவில் ஆரஞ்சு வெளிச்சம் எழுந்தது. ஒரே ஒரு ஸ்னைப்பர், தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி. இந்த ஆட்டத்தில் கீழே விழுந்தது எல்லோருக்கும் பொது, முதலில் எடுப்பவனுக்குத்தான் சொந்தம். அவன் ஆடும் பாத்திரமான ஸீரோ தூரத்திலிருந்து குறி வைப்பவன். என் பாத்திரமான சால்வடோர் இரண்டு கையிலும் சுடுபவன். ‘மாமா, நீங்க எடுத்துக்கோங்க’ என்றான். ‘உனக்குத்தான்டா அது, எடு’ என்றேன். அதன் மேல் நின்றபடி கொஞ்ச நேரம் அவன் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தான். தன்னிடமிருந்த ஊதா ஷாட்கன்னை என் காலடியில் போட்டான்.

2019இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவரவர் பங்கு அவரவருக்குத் தனியாக விழும்படி வைத்துக்கொள்ளலாம். சண்டை வராது, உண்மைதான். எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும். விட்டுக்கொடுக்க ஒரு பொருள் நடுவில் கிடக்க வேண்டும்.

இன்னொன்று. அடிபட்டு விழுந்தாலும் உடனே சாவில்லை. தரையில் கிடந்தபடியே சில நொடிகள் சுடலாம். ஒரு எதிரியை வீழ்த்தினால் எழுந்துவிடலாம். இல்லையென்றால் கூட ஆடுபவர் குண்டுமழைக்குள் ஓடிவந்து, பட்டனை அழுத்திப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும்.  ‘தூக்குடா, தூக்குடா!’ என்று உங்கள் மகள் கத்துவது இதற்குத்தான்.

ஒரு கவலை மட்டும் நியாயமானது. எப்போது வரும் என்று தெரியாத பரிசு மனதை இழுக்கும், சூதாட்டமும் அதே கயிற்றால்தான் இழுக்கிறது. சில ஆட்டங்கள் மூடிய பெட்டியைக் காசுக்கு விற்கின்றன. 2018இல் பெல்ஜியம் அதைச் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானது என்று அறிவித்தது. பிள்ளைகள் ஆடுவதில் துப்பாக்கிகள் ஆடினாலே கிடைக்கும். பெட்டி திறக்கப் பணம் கேட்கும் ஆட்டம் வீட்டுக்குள் வந்தால் அன்று உட்கார்ந்து பேசுங்கள்.

ப்ளேஸ்டேஷன் 4-க்கு வந்த தொகுப்பென்றால் ஒரே டிவியில் நான்கு பேர் வரை ஆடலாம். இன்னொரு கன்ட்ரோலர் இருந்தால் வரும் ஞாயிறு நீங்களும் உட்காருங்கள். மூன்று பேருமாகப் புது ஆட்டம் தொடங்கச் சொல்லுங்கள், சால்வடோரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் விழுந்துகொண்டே இருப்பீர்கள். யார் முதலில் தூக்க ஓடிவந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.