நெட்வொர்க்கில் பூட் ஆகாத கணினிகள்: கேள்வி பதில்

கேள்வி: வட்டிலிருந்து அல்லாமல் நெட்வொர்க் வழியாக (பிஎக்ஸ்இ) பூட் செய்யும் கணினியைப் பெரிய சுவிட்சில் நேராகச் செருகினால் ‘பிஎக்ஸ்இ-இ51’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது, ஐபி முகவரியே கிடைப்பதில்லை. நடுவில் ஒரு சாதாரண சின்ன சுவிட்சை வைத்தால் பூட் ஆகிறது. கேபிளை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

பதில்: கேபிளை விட்டுவிடுங்கள். சின்ன சுவிட்சை வைத்துப் பார்த்தீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. பெரிய சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ (இணைப்புகள் வளையமாகிவிடாமல் தடுக்கும் முறை) ஓடுகிறது. ஒரு போர்ட்டில் இணைப்பு வந்ததும் வளையம் ஏதும் இருக்கிறதா என்று 15 விநாடி கவனிக்கும். முகவரிகளைக் கற்றுக்கொள்ள இன்னொரு 15 விநாடி. அந்த 30 விநாடியும் ஐபி முகவரி கேட்டுக் கணினி அனுப்பும் டிஹெச்சிபி கோரிக்கை போர்ட்டைத் தாண்டாது. பல கணினிகள் அதற்குள் கேட்பதையே நிறுத்திவிடும். நடுவில் சின்ன சுவிட்ச் இருந்தால் கணினியை அணைத்துப் போட்டாலும் பெரிய சுவிட்சின் போர்ட் விழாது, காத்திருப்பும் இல்லை.

கணினிகள் செருகும் போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போடுங்கள். இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஸ்பேனிங் ட்ரீயை மொத்தமாக அணைக்கவும் கூடாது. ஒரு வளையம் விழுந்தால் நெட்வொர்க்கே படுத்துவிடும்.

கேள்வி: எனக்கு ஐபி வருகிறது, ஆனால் ‘பிஎக்ஸ்இ-இ53’ பிழை வருகிறது.

பதில்: முகவரி கிடைத்தது, பூட் செய்ய இறக்க வேண்டிய கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. டிஹெச்சிபி சர்வரின் அமைப்பில் ஆப்ஷன் 66 (சர்வர்), 67 (கோப்பு) இரண்டையும் பாருங்கள். பூட் சர்வர் தனியாக வேறு விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) இருந்தால், கோரிக்கையை அங்கே கடத்தும் ரிலேயில் அதன் முகவரியையும் சேர்க்க வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

கேள்வி: பழைய கணினிகள் பூட் ஆகின்றன. புதியவை கோப்பை இறக்கிவிட்டு உடனே பூட் மெனுவுக்குத் திரும்புகின்றன.

பதில்: கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர் (கணினியிலேயே பதிந்துள்ள மென்பொருள்) பழையவற்றில் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. ஒன்றுக்கான கோப்பு மற்றொன்றில் ஓடாது. ஆப்ஷன் 67-இல் ஒரே பெயரை எழுதி வைத்தால் ஒரு தரப்பு எப்போதும் தோற்கும். கணினி கேட்கும்போதே ஆப்ஷன் 93-இல் தன் வகையைச் சொல்லிவிடுகிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்துக் கோப்பைத் தரும்படி சர்வரில் விதி எழுதுங்கள். அப்புறமும் நின்றால், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள கோப்பை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) அந்தக் கோப்பின் கையொப்பத்தை ஏற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ‘பிஎக்ஸ்இ-இ32’, டிஎஃப்டிபி (பூட் கோப்பை இறக்கும் முறை) நேரம் முடிந்தது என்கிறது. பிங் போகிறதே?

பதில்: பிங் போவது இதற்குச் சான்றாகாது. கோரிக்கை சர்வரின் யுடிபி போர்ட் எண் 69-க்குப் போகும். ஆனால் சர்வர் பதிலை வேறொரு போர்ட் எண்ணிலிருந்து அனுப்பும். ஃபயர்வாலில் 69-ஐ மட்டும் திறந்தால் போதாமல் போவது இதனால்தான். கணினி இருக்கும் அதே விலானில் ஒரு லேப்டாப்பைச் செருகி, டிஎஃப்டிபியில் அந்தக் கோப்பை இறக்கிப் பாருங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் பூட் ஆகாத கணினியைத் தொடவே வேண்டாம், சர்வர் பக்கம் போங்கள்.

கேள்வி: கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏறிவிட்டது. பிறகு இன்ஸ்டாலர் ‘நெட்வொர்க் இல்லை’ என்கிறது.

பதில்: அதுவரை ஓடியது ஃபர்ம்வேரின் டிரைவர். கர்னலுக்குத் தனி டிரைவர் வேண்டும். உங்கள் நெட்வொர்க் கார்டுக்கான டிரைவரை இனிட்ஆர்டியில் (கர்னலோடு சேர்ந்து ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) சேர்த்துவிடுங்கள்.