வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை, ஸ்பின்னும் ஆகவில்லை. மோட்டார் போய்விட்டதா?

அவசரப்பட்டு மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். டிரம்மில் தண்ணீர் நிற்கும்வரை மெஷின் ஸ்பின்னுக்குப் போகாது. முதலில் தண்ணீர் வெளியேறும் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள்.

முன்பக்கக் கதவு மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ் மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறங்கள். உள்ளே டிரெயின் ஃபில்டர், அதாவது வெளியேறும் தண்ணீரில் வரும் குப்பையைப் பிடிக்கும் வடிகட்டி. அடியில் தட்டு வைத்து, இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தரையெல்லாம் வெள்ளம்தான். சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள்.

நூல், நாணயம், ஹேர்பின் எல்லாவற்றையும் எடுத்தபின் ஃபில்டர் இருந்த துளைக்குள் டார்ச் அடித்து, தண்ணீரை வெளியேற்றும் பம்பின் இறக்கையைக் குச்சியால் சுற்றிப் பாருங்கள். தடுக்கித் தடுக்கிச் சுற்றுவது கோளாறு அல்ல, உள்ளிருக்கும் காந்தத்தின் இழுப்பு. அசையவே மறுத்தாலோ, தடையே இல்லாமல் லொடலொடவென ஆடினாலோ பம்பை மாற்ற வேண்டியிருக்கும்.