“அவர் முஸ்லிமா?” என்று கேட்டபோது நான் சொன்ன பதில்

கேள்வி: அமெரிக்கத் தேர்தலில் மதமும் இனமும் உண்மையிலேயே இவ்வளவு முக்கியமா, இல்லை ஊடகங்கள்தான் ஊதிப் பெரிதாக்குகின்றனவா?

இரண்டும்தான். ஆனால் ஊடகச் சார்பு என்றாலே பொய்ச் செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அங்கே இருந்து பார்த்தவரை, பொய்யைவிட அதிகம் வேலை செய்தது கத்தரிக்கோல். ஒரு பேச்சை எங்கே வெட்டுகிறார்கள், வெட்டிய துண்டை எத்தனை தடவை போடுகிறார்கள், அதற்கு யாரைப் பிடித்து விளக்கம் கேட்கிறார்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஒபாமா முதன்முதலில் அதிபர் தேர்தலில் நின்ற 2008-இல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் வேலை பார்த்தேன். அப்போது அது இந்தக் கட்சிப் பக்கமும் சாயும், அந்தக் கட்சிப் பக்கமும் சாயும் மாநிலம் என்பதால் டிவியைப் போட்டாலே தேர்தல் விளம்பரம்தான். எங்கள் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே எழுத்து மட்டும் வரும். மார்ச் மாதத்தில் சில நாட்கள் அதில் திரும்பத் திரும்ப ஒரே மனிதர். வண்ண அங்கி போட்ட கறுப்பினப் பாதிரியார் ஒருவர் கையை வீசி முழங்குகிறார். கடவுள் அமெரிக்காவைச் சபிக்கட்டும் என்று கீழே எழுத்து ஓடுகிறது. நான் சோற்று டப்பாவைக் காலி செய்வதற்குள் அந்தத் துண்டு மூன்று நான்கு தடவை வந்துவிடும்.

அவர் ஜெரமயா ரைட், சிகாகோவின் தெற்குப் பகுதியில் டிரினிட்டி சபையின் போதகர். ஒபாமா இருபது வருடம் போன சபை அது. ஒபாமாவுக்குத் திருமணம் நடத்தி வைத்தவரும் அவர் மகள்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் இந்த ரைட்தான். அந்தத் துண்டுகளை மார்ச் 13 அன்று முதலில் பெரிதாகக் காட்டியது ஏபிசி சேனல். குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் இல்லை. இது ஒரு கட்சிக்கு ஆதரவான சேனல்களின் வேலை மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏபிசி போட்டது, பிறகு எல்லோரும் போட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்து முழுப் பிரசங்கத்தையும் கேட்டேன். 2003 ஏப்ரலில், இராக் போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் பேசியது. அதன் பொருளே வேறு. அரசாங்கமும் கடவுளும் ஒன்றல்ல, அரசாங்கங்கள் பொய் சொல்லும், மாறும், விழும், கடவுள் மாறமாட்டார் என்பதுதான் முழுப் பேச்சும். பூர்வகுடிகளை ஒதுக்கிடங்களில் அடைத்தது, ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்களில் அடைத்தது, கறுப்பர்களை அடிமைகளாக வைத்தது என்று வரிசையாக அடுக்கிவிட்டு, இத்தனையும் செய்துவிட்டு ‘கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிக்கட்டும்’ என்று எங்களைப் பாடச் சொல்கிறீர்களா என்று கேட்கிற இடத்தில்தான் அந்த வரி வருகிறது. ஜெரமயா என்ற பெயர் நம் தமிழ் வேதாகமத்தில் எரேமியா. சொந்த நாட்டையும் சொந்த மக்களையும் கண்டித்துக் கண்டித்தே அடி வாங்கிய தீர்க்கதரிசி. கறுப்பினச் சபைகளில் அந்தத் தொனி புதிதே இல்லை. அதே பிரசங்கத்தில், எய்ட்ஸ் கிருமியை அரசாங்கமே உருவாக்கியது என்றும் ரைட் சொல்கிறார். அது ஆதாரமே இல்லாத பேச்சு, அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அவர் அமெரிக்கக் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர் என்பது அந்த டிவியின் கீழ் எழுத்தில் ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

மார்ச் 18 அன்று ஒபாமா ஃபிலடெல்ஃபியாவில் 37 நிமிடம் இனத்தைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. மே கடைசியில் அந்தச் சபையைவிட்டே விலகினார்.

சரி, எதிர்ப்பக்கம்? குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னை ஆதரித்த பாதிரியார் ஜான் ஹேகி, கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் அழிந்ததைக் கடவுள் கொடுத்த தண்டனை என்றவர். இன்னொருவர் எங்கள் கொலம்பஸ்காரரே. ராட் பார்ஸ்லி, பெரிய சபை நடத்துகிறவர். அமெரிக்கா உருவானதற்கு இஸ்லாமை அழிப்பதும் ஒரு நோக்கம் என்று தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். அவரை மேடையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆன்மிக வழிகாட்டி என்று மெக்கெய்ன் புகழ்ந்தார். மே 22 அன்று இருவரின் ஆதரவும் வேண்டாம் என்று உதறினார், அது உண்மை. மெக்கெய்ன் அவர்கள் சபையில் உறுப்பினர் இல்லை, ஒபாமா ரைட்டின் சபையில் உறுப்பினர் என்ற வேறுபாடும் உண்மை. ஆனாலும் பார்ஸ்லியின் சபை இருந்த அதே ஊரில், அவர் முகத்தை எங்கள் சாப்பாட்டுக் கூட டிவியில் நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெள்ளைப் பாதிரியார் கோபப்பட்டால் அது அவருடைய தனிப்பட்ட கருத்து. கறுப்புப் பாதிரியார் கோபப்பட்டால் சபையே, இனமே பதில் சொல்ல வேண்டும். என் மனதில் ஆறாமல் நிற்பது இதுதான்.

மதத்தையும் இனத்தையும் அங்கே தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. ஒரே பைபிள்தான். ஆனால் அந்தத் தேர்தலில் எவாஞ்சலிக்கல் எனப்படும் தீவிர பைபிள் பற்றுள்ள வெள்ளைக் கிறிஸ்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மெக்கெய்னுக்குப் போட்டார்கள், கறுப்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஒபாமாவுக்கு.

நாமும் வெட்டுகிறோம். கமலா ஹாரிஸ் தேர்தலில் நின்றபோது அவர் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கோயிலில் அபிஷேகம் நடந்ததை நம் சேனல்கள் எவ்வளவு காட்டின! அவர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையில் உறுப்பினர் என்பது நான் பார்த்த தமிழ்ச் செய்திகளில் ஏறக்குறைய வரவே இல்லை. 2024-இல் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில், இவர் இத்தனை நாள் இந்தியராக இருந்துவிட்டுத் திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்று டிரம்ப் பேசியபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது. அவரை இரண்டாக வெட்டி ஒரு பாதியை மட்டும் நாமும்தானே எடுத்துக்கொண்டோம்.

இனி அந்தப் பதிலுக்கு வருகிறேன். ஒபாமா சிறுவயதில் மதரஸாவில் படித்தார் என்ற கதையை 2007 ஜனவரியில் ஃபாக்ஸ் சேனல் பரப்பியது. சிஎன்என் சேனல், அவர் சிறுவயதில் படித்த இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுக்கே ஆளை அனுப்பி, அது சாதாரண அரசுப் பள்ளி என்று நேரில் காட்டியது. நல்ல பத்திரிகை வேலை. ஆனாலும் வதந்தி சாகவில்லை. 2010 ஆகஸ்டில் பியூ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களைக் கேட்டபோதும் 18 சதவீதம் பேர் அவரை முஸ்லிம் என்றார்கள்.

2008 அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் மதியம். எங்கள் மேசையில் ஓய்வு பெறப்போகிற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பனியில் என் கார் நின்றுபோனபோது தன் வண்டியைக் கொண்டுவந்து பேட்டரிக்கு உயிர் கொடுத்தவர், நல்ல மனிதர். “அவர் முஸ்லிமாமே?” என்று கேட்டார். “சேச்சே, இல்லை. கிறிஸ்தவர்” என்றேன் நான், அவசர அவசரமாக. எதிரில் எங்கள் குழுவில் மூத்தவர், காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் தலை நிமிரவில்லை. ரசம் சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 10 அன்று மின்னசோட்டாவில் மெக்கெய்ன் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, ஒபாமா ஓர் அரபுக்காரர் என்றார். மெக்கெய்ன் மைக்கை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்றார். தன் கூட்டமே முணுமுணுக்க அப்படிச் சொன்னது துணிச்சல்தான். எல்லா சேனலும் பாராட்டியது. அப்போது எனக்கும் அதில் ஒரு குறை தெரியவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு காலை, என்பிசியில் காலின் பவல். குடியரசுக் கட்சிக்காரர், ராணுவத் தளபதியாக இருந்தவர். ஒபாமா முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் என்பது சரியான பதில் என்றார். அப்புறம், உண்மையில் சரியான பதில் வேறு என்றார். முஸ்லிமாக இருந்தால்தான் என்ன? இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பதில் தவறு ஏதும் உண்டா? ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில், இராக்கில் இறந்த இருபது வயது மகனின் கல்லில் தலை சாய்த்திருக்கும் ஒரு தாயின் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார். அந்தக் கல்லில் சிலுவை இல்லை, பிறையும் நட்சத்திரமும் இருந்தன.

திங்கட்கிழமை மதியம் காக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது காக்கா” என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

“பவல் பேசுனதை நேத்து லேப்டாப்ல மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன் தம்பி” என்றார். பிறகு டப்பாவைத் திறந்து, அதிலிருந்த வறுத்த மீனில் பாதியை என் தட்டில் வைத்தார்.